உடனே நிறுத்தி ஆற விடவும்

என் கைபேசி எண்ணையே தப்பாக எழுதிக் கொடுத்தவன் நான். நடுவில் கண்டுபிடித்துத் திட்டுவதைவிட இப்போதே திட்டிவிட்டால் நீங்கள் நிம்மதியாகப் படிக்கலாம். கடைசி இரண்டு இலக்கம் அறுபத்தொன்பது. நான் எழுதியது தொண்ணூற்றாறு. வேறு யாருடைய எண்ணாக இருந்தாலும் சரியாக எழுதியிருப்பேன். நம் எண்ணுக்கு நாமே போன் செய்வதில்லையே.

அப்போது திருத்தணிக்கு வெளியே பிளாஸ்டிக் வாளி செய்யும் தொழிற்சாலையில் பராமரிப்பு என் பொறுப்பு. வாளி அச்சுகளைக் குளிர வைக்க ஒரு தண்ணீர் பம்ப் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அது நின்றால் வாளிகள் வாய் கோணிப் பிறக்கும். அந்த மோட்டாருக்குச் சூடு ஏறியிருக்கிறதா என்று புறங்கையை வைத்துப் பார்ப்பேன், குழந்தையின் நெற்றியைப் பார்ப்பதுபோல. பேரிங் தேய்ந்துவிட்டால் கழற்றி, காகிதத்தில் சுற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அரக்கோணத்துக்கு ரயில் ஏறுவேன். கடைக்காரர் அதை விரலில் மாட்டிச் சுற்றிப் பார்த்துவிட்டு அதேபோல் புதிதாக ஒன்றை எடுத்துத் தருவார். பத்து நிமிட வேலை. நான் அரை நாள் எடுத்துக்கொள்வேன். ரயிலில் யாராவது, சட்டைப்பையில் என்ன இப்படிக் கிரீஸ் வழிகிறது என்று கேட்பார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு பொய். அரக்கோணம் தளத்துக் கடற்படை விமானத்திலிருந்து கழன்று விழுந்தது என்று சொன்னபோது ஒருவர் எழுந்து வேறு பெட்டிக்கே போய்விட்டார்.

அந்த அரை நாளுக்கு வேட்டு வைக்க வந்ததுதான் சென்சார். தீப்பெட்டி அளவுதான் இருக்கும். மோட்டாரின் முதுகில் ஒட்டிவிட்டார்கள். சூடும் அதிர்வும் அளவை மீறினால் என் கைபேசிக்குச் செய்தி அனுப்பும். பேரிங் தேய்வதாகத் தோன்றினால் யாரையும் கேட்காமல் அதுவே ஆர்டர் போட்டுவிட்டு, போட்டாயிற்று என்று இன்னொரு செய்தியும் அனுப்பும்.

செய்தி எந்த மொழியில் வர வேண்டும் என்று பொருத்த வந்தவர்கள் கேட்டார்கள். தமிழில்தான் என்றேன். வாசகங்களை நானே எழுதித் தருகிறேன் என்று உட்கார்ந்துவிட்டேன். ஒரு மத்தியானம் முழுக்க அடித்துத் திருத்தி எழுதியவை இரண்டே இரண்டு. 'மோட்டார் சூடாகிவிட்டது. உடனே நிறுத்தி ஆற விடவும்.' 'பேரிங் ஆர்டர் செய்யப்பட்டுள்ளது. விரைவில் வரும்.' எந்தத் தொழிற்சாலை, எந்த மோட்டார் என்று குறிப்பிடவில்லை. எனக்குத்தானே வரப்போகிறது, அதில் விலாசம் எதற்கு?

இரண்டு மாதம் ஒரு செய்தியும் வரவில்லை. என் பராமரிப்பைக் கண்டு சென்சாருக்கே வேலையில்லாமல் போய்விட்டது என்று கேன்டீனில் சொல்லித் திரிந்தேன். புறங்கை வைத்துப் பார்ப்பதையும் விட்டுவிட்டேன். நடுவே புது பேரிங் இரண்டு தொழிற்சாலைக்கு வந்தன. நான் கேட்டு வந்தவை என்று நினைத்து ஸ்டோர்காரர் அவற்றை அலமாரியில் வைத்துவிட்டார். அவர் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை.

சித்திரை வெயிலில் ஒரு மத்தியானம் மோட்டார் இறுகி நின்றது. வாளிகள் என்னைப் பார்த்து வாயைக் கோணின. மேலாளர் கணினித் திரையைத் திறந்து, இரண்டு மாதமாக வரிசையாகச் செய்தி போயிருப்பதைக் காட்டினார். போன எண்ணைப் படிக்கச் சொன்னார். கணீரென்று ஆரம்பித்தேன். கடைசி இரண்டு இலக்கத்துக்கு வந்தபோது குரல் எனக்கே கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் அந்த எண்ணுக்குப் போன் செய்தேன். ஒரு பெண் எடுத்தார். மோட்டார் விஷயமாக, என்று நான் ஆரம்பித்ததும் பிடித்துக்கொண்டார்.

"ஆங், மோட்டார் ஆபீசா? நிறுத்து நிறுத்துன்னு நீங்க அனுப்பிக்கினே கீறீங்க, நானும் நிறுத்திக்கினே கீறேன். கத்திரி பூவெல்லாம் கொட்டுது சார். பேரிங் வரும்னு வேற போட்டீங்க. தெனம் வாசல பாத்துக்கினு கீறேன்."

மணவூர்ப் பக்கத்தில் அரை ஏக்கர் கத்திரி அவருக்கு. அந்தப் போகத்தில் அவர் நம்பியிருந்ததே அதைத்தான். கிணற்று மோட்டாரில் ஏற்கெனவே கீச்சென்று ஒரு சத்தம் இருந்திருக்கிறது. கைபேசியிலிருந்தே போட்டு அணைக்கும் ஸ்டார்ட்டரும் வைத்திருந்தார். அதனால் மோட்டார் செய்தி அனுப்புவதில் அவருக்கு அதிசயம் ஒன்றும் இல்லை. நான் நிறுத்தச் சொன்னபோதெல்லாம் நிறுத்தி, ஆற விடச் சொன்னேனே என்று சாயங்காலம்வரை ஆற விட்டிருக்கிறார். வயல் மோட்டாருக்கு விடும் மும்முனைக் கரண்ட் சாயங்காலம் போய்விடும்.

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் என் வாழ்க்கையில் யாரும் என்னை ஆபீஸ் என்று கூப்பிட்டதில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, இனி நிறுத்த வேண்டாம், கரண்ட் இருக்கும்வரை தாராளமாக ஓட்டலாம் என்று உத்தரவு போட்டேன். அவர் நன்றி சொன்னார். எண்ணைத் திருத்திவிட்டு, ஆபத்தைத் தாண்டிவிட்டதாக நினைத்துத் தூங்கினேன்.

மூன்றாம் நாள் அவரே அழைத்தார். நான் சொன்னபடி ஓட்டியிருக்கிறார், மோட்டார் இறுகி நின்றுவிட்டது. உள்ளூர் மெக்கானிக் வர ஒரு வாரம் ஆகுமாம். அவர் திட்டவில்லை. அதுதான் குடைந்தது. ஆபீசிலிருந்து எப்போது வருவீர்கள், இன்னும் ரெண்டு நாள் தாங்கும் செடி, அவ்வளவுதான் என்றார்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு, கருவிப் பையோடு காலை ரயிலில் மணவூர் போனேன். பம்ப் கொட்டகையில் மோட்டாரைப் பிரித்தேன். பேரிங் பொடிந்திருந்தது. எங்கள் மோட்டாருக்கு ஒன்று போட்டதுபோக ஸ்டோர் அலமாரியில் மிஞ்சியிருந்த பேரிங்கைக் கையோடு கொண்டு போயிருந்தேன். அது அளவில் பெரிது. பழையதைக் காகிதத்தில் சுற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மறுபடி ரயில் ஏறி அரக்கோணம் போனேன். சென்சார் வந்தபிறகு அந்தக் கடைப்பக்கமே நான் போனதில்லை.

"உயிரோடதான் கீறியா?" என்றார் கடைக்காரர்.

பேரிங்கை விரலில் மாட்டிச் சுற்றினார். அது கரகரவென்று முனகியது. அந்தச் சத்தமும் கிரீஸ் வாசனையும் எனக்கு என்னவோ செய்தன. இப்போதெல்லாம் செய்திகள் ஒழுங்காக எனக்கே வருகின்றன, பேரிங் அட்டைப் பெட்டியில் வாசலுக்கே வருகிறது. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சட்டைப்பை சுத்தமாக இருக்கிறது. ரயிலில் என்னை யாரும் எதுவும் கேட்பதில்லை, என்னிடம் பொய்கள் மட்டும் சேர்ந்துகொண்டே போகின்றன. அன்று கடைக்காரர் டீ சொல்லட்டுமா என்றார். வேண்டாம் என்று ஓடினேன். பத்து நிமிட வேலையைப் பத்து நிமிடத்தில் நான் முடித்தது அந்த ஒருநாள்தான்.

திரும்பி வந்து, வெயில் தாழ மோட்டாரைப் பூட்டி ஸ்டார்ட்டரைப் போட்டபோது, கரண்ட் போக ஒரு மணி நேரமே இருந்தது. குழாய் இருமியது, காற்றைத் துப்பியது, பிறகு தண்ணீரைக் கக்கியது. அந்தப் பெண் மண்வெட்டியோடு ஓடி மடையைத் திறந்தார். செடிகளில் பாதி தலை தொங்கிக் கிடந்தன. பூ இருந்ததைவிட உதிர்ந்தது அதிகம்.

நான் பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு வாய்க்காலில் நின்றபடி எல்லாவற்றையும் சொன்னேன். ஆபீஸ் என்று ஒன்று இல்லை, எழுதினதும் நான், நிறுத்தச் சொன்னதும் நான், ஓட்டச் சொன்னதும் நான், அந்தச் செய்தி உங்கள் கிணற்றுக்கு இல்லை, ஒரு வாளிக் கம்பெனிக்கு. சொல்லச் சொல்ல எனக்கே கேவலமாக இருந்தது. அவர் என்னைத் திரும்பிப் பார்க்காமல் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தார்.

"திட்டணும்னா திட்டிடுங்கக்கா" என்றேன்.

அவர் குனிந்து, தொங்கிக் கிடந்த ஒரு கிளையை நிமிர்த்திப் பார்த்தார்.

"காயி புடிக்கட்டும் நைனா, அப்பால சொல்றேன்."