பேன்ட் காலில் காய்த்த தக்காளி

வாடிக்கையாளர்கள் வேண்டாமென்று விட்டுப்போன ஜீன்ஸ் பேன்ட்களின் கால்களை வெட்டி, அடிப்பக்கம் தைத்து, மண் நிரப்பி மொட்டைமாடியில் வரிசையாக நிறுத்தியிருந்தாள் தையலக்கா. ஒவ்வொரு காலிலும் ஒரு செடி. "மாடியில அரை ஆளுங்க நிக்கிறாங்க" என்று பிள்ளைகள் கேலி செய்வார்கள். எங்கிருந்தோ லாரியில் புகை கக்கிக்கொண்டு வரும் தக்காளியைத் தொடுவதில்லை என்பது அவள் பிடிவாதம். சமையலறைக் கழிவெல்லாம் உரமானதில் வீட்டுக் குப்பைக்கூடை பாதியாகக் குறைந்திருந்தது.

இப்போது அத்தனைக்கும் ஆபத்து. மாடிக்கு நேர் கீழே இருந்த டிரைவர் வீட்டில் கூரை ஒழுகியது.

"உங்க தோட்டம்தான்க்கா. படுத்தா மூஞ்சிலயே சொட்டுது."

"ஏன் தம்பி, குழாய் ஒழுகினாலும் என் தலையிலதான் கட்டுவியா?"

கட்டடச் செயலாளர் குறுக்கே வந்தார். "இன்னைக்கு முடிவு தெரியணும்மா. இல்லன்னா எல்லாத்தையும் எடுத்துடுங்க."

தையலக்கா யோசித்தாள். "பீட்ரூட் வேகவெச்ச தண்ணிய மேல ஊத்தறேன். செடிக்கும் ஒண்ணும் ஆகாது. கீழ சிவப்பா சொட்டினா நானே காலி பண்றேன். வெறும் தண்ணின்னா நீங்க குழாய மாத்துங்க."

"ஊத்துங்கக்கா, யார் சாயம் வெளுக்குதுன்னு பாப்போம்!" என்றான் டிரைவர்.

வாளி வாளியாக ஊற்றிவிட்டுக் கீழே ஓடிவந்தாள். ஈரக்கறைக்கு அடியில் வெள்ளை லைனிங் துணியை விரித்தாள். மூவரும் அண்ணாந்து நின்றார்கள். கழுத்து வலித்தது.

ஒரு சொட்டு விழுந்தது. நிறமே இல்லை.

"பாத்தீங்களா!" அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"கொஞ்சம் பொறும்மா," என்றார் செயலாளர்.

அடுத்ததும் தெளிவாகவே விழுந்தது. அதற்கடுத்த சொட்டு துணியில் இளஞ்சிவப்பாகப் படர்ந்தது. பின்னாலேயே இன்னொன்று, இன்னும் சிவப்பாக.

தையலக்கா படியேறிப்போய் முதல் காலைத் தூக்கினாள். கனத்தது. டிரைவரும் பின்னாலேயே வந்து ஒன்றைக் கட்டிப்பிடித்துத் தூக்கினான். சட்டையெல்லாம் சேறு.

எல்லாவற்றையும் தன் வீட்டுக்கு இறக்கியதும், அவள் தையல் மெஷினை ஜன்னலோரத்திலிருந்து உள்சுவருக்குத் தள்ளி, வெயிலைச் செடிகளுக்குக் கொடுத்தாள். அப்படியும் இடம் போதவில்லை. காய் பிடித்த செடிகள் வாசலில் நின்றன. அவள் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு கால எங்க ஜன்னல்ல வெச்சுக்கறேன்," என்றான் டிரைவர், சட்டையைத் தட்டிக்கொண்டே. "ஆனா அடியில தட்டு வெச்சுக் குடுங்க. எனக்குக் கீழ இருக்கறவன் சும்மா விடமாட்டான்."