தென்சேரிக்கு ஆள் காணாது

சுனாமி எங்கட பள்ளிக்கூடத்தை அள்ளிக்கொண்டு போன பிறகு, வாவிக்கரையில இன்னொரு பள்ளிக்கூடத்தில பின்னேரம் மட்டும் இடம் தந்தாங்க. காலையில அவங்கட பிள்ளைகள், மத்தியானத்துக்குப் பிறகு எங்கட பிள்ளைகள். பொழுதுபட முன்னம் ஆமிக்காரன்ட சென்றியைத் தாண்டி எல்லாரும் வீடு போய்ச் சேரணும். விட்டுப்போன பாடமோ மலைபோலக் கிடக்கு. அதிபர் யோசிச்சுப்போட்டு இடைவேளையை வெட்டிட்டார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்ல. நான் இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு டீச்சர். தகரக் கொட்டிலுக்குள்ள வெந்துகொண்டு, என்ட பிள்ளைகள் கண்ணைத் திறந்தபடியே நித்திரை கொள்ளுதுகள். வாசி எண்டா உதடு அசையும், சத்தம் வராது. கடல் வந்த நாளையில இருந்து ஒரு பிள்ளையும் வாய்விட்டுக் கத்தி நான் கேக்கல்ல. விளையாட விட்டாத்தான் இதுகளுக்குப் படிப்பு ஏறும் எண்டு அதிபரோட மல்லுக்கு நிண்டன். அவர் பொல்லாத மனிசன் இல்ல. இப்ப பின்தங்கினா பிறகு ஆரும் தூக்கிவிட மாட்டாங்க எண்டு அவருக்குப் பயம். நானும் விடல்ல. ஒரு நாள் சொல்லாமக் கொள்ளாம வகுப்பை மரத்தடிக்கு இறக்கிட்டன்.

கொம்புமுறி விளையாட விடுவம் எண்டு யோசிச்சன். அம்மன் கோயிலில பெரியாக்கள் வடசேரி, தென்சேரி எண்டு ரெண்டு கட்சியாப் பிரிஞ்சு விளையாடுறதுதான். வளைஞ்ச கொம்பு ரெண்டை ஒண்டோட ஒண்டு கொளுவி, ரெண்டு பக்கமும் கயிறு கட்டி இழுக்கிறது. ஆரிட கொம்பு முறியுதோ அவங்க தோத்தாங்க, பிறகு அவங்க வாங்குற நக்கல் கொஞ்சநஞ்சமில்ல. விறகுக்குள்ள கவட்டுத் தடி ரெண்டு எடுத்தன், தோணிக் கயிறும் கிடைச்சுது. வகுப்பில பிள்ளைகள் இருக்கிற வாங்கு வரிசைப்படி இது வடசேரி, அது தென்சேரி எண்டு பிரிச்சுவிட்டன்.

அங்கதான் பிழைச்சுது. ஒரு சின்னப் புள்ள முன்னுக்கு வந்து, "டீச்சர், எங்கட வீடு தென்சேரி. நான் வடசேரியில நிக்க மாட்டன்" எண்டிச்சு. சேரி குடும்பத்தோட வாறது, அதை மாத்த நான் ஆர்? ஒரு வரி வாசிக்கத் தெரியாததுகள் எல்லாம் தன்ட தன்ட சேரியை டக்கெண்டு சொல்லிச்சுதுகள். எல்லாரும் மாறி நிண்ட பிறகு பார்த்தா, தென்சேரியில நாலே நாலு பேர்.

எண்டாலும் இழுவை துவங்கிற்று. அம்மாடி, அந்தச் சத்தம்! இத்தனை நாளும் எங்க ஒளிச்சு வச்சிருந்துதுகளோ தெரியா. எனக்கு மேலெல்லாம் புல்லரிச்சுது, நானும் சேர்ந்து கத்துறன். சத்தம் கேட்டு அதிபர் விறுவிறெண்டு வாறார். சரி, இண்டையோட நான் துலைஞ்சன் எண்டு நினைச்சன்.

வந்தவர் கயிற்றைப் பார்த்தார். மண்ணில இழுபட்டுப் போற அந்த நாலு பேரையும் பார்த்தார்.

"இதென்ன அநியாயம்? தென்சேரிக்கு ஆள் காணாதே, நாலு பேர் போதுமா?" எண்டார்.

சேட்டுக் கையை மடிச்சுவிட்டுக் கயிற்றைப் பிடிச்சார். மனிசன் தென்சேரி எண்டு எனக்கு அண்டைக்குத்தான் தெரியும். வடசேரிப் பிள்ளைகள் விட்டுக்குடுக்குமா? மூச்சைப் பிடிச்சு இழுத்துதுகள். தென்சேரிக் கொம்பு படாரெண்டு முறிஞ்சுது, அதிபர் குந்தியபடி மண்ணில விழுந்தார். பிள்ளைகள் சுத்தி நிண்டு நக்கலடிச்சுதுகள். தோத்தவர் எண்டபடியா அவரும் முறைப்படி கேட்டுக்கொண்டு இருந்தார்.

பிறகு வகுப்புக்குள்ள போய் வாசிக்கச் சொன்னன். பக்கத்து வகுப்பு டீச்சர் எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமா வாசிச்சுதுகள். அதிபர் வாசலில நிண்டு கடைசி வரி வரைக்கும் கேட்டார். ஏசப் போறார் எண்டு பார்த்துக்கொண்டு நிண்டன். கழிசானில ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டு சொன்னார்:

"தோத்துப்போட்டு சும்மா இரிக்க ஏலா, டீச்சர். நாளைக்கும் இடைவேளை விடுங்க."