உள்ளே வைத்த மஞ்சள்

ஈர மஞ்சள் காகிதத்தில் பட்டவுடன் ஒரு வாசனை எழும். சமையலறையில் அதே மஞ்சள் தரும் வாசனை அல்ல அது. மழையில் நனைந்த பலகையும் புதிய பாடப்புத்தகத்தின் பசையும் கலந்ததுபோல் மூக்கில் சற்றே கசந்து நிற்கும். பல்கலைக்கழக நூலகத்தில் பழைய தொகுப்புகளைப் புரட்டும்போது எப்போதாவது அதற்கு நெருக்கமான ஒன்று தட்டுப்படுவதுண்டு. உடனே எனக்கு அரசாங்கப் பாரங்களின், அந்த விண்ணப்பப் படிவங்களின், நினைவு வந்துவிடும்.

என் தாயார் கோலா சாவாவுக்கு அருகில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவர். பிறந்ததை யாரும் பதியவில்லை. ஆகவே அவரிடம் இருந்தது 'செவப்பு ஐசி' எனப்படும் சிவப்பு அடையாள அட்டை. இந்த நாட்டில் குடியிருக்கலாம், ஆனால் குடிமகள் அல்ல என்று அதற்குப் பொருள். குடிமக்களின் அட்டை நீலம். எனக்குப் பத்து வயது ஆவதற்குள் அம்மா நீல அட்டைக்கு மூன்று முறை விண்ணப்பித்திருந்தார். ஒவ்வொரு முறையும் வெள்ளிக்கிழமை மாலையில் மஞ்சளைக் குழைத்து உறையின் நான்கு மூலைகளிலும் வைத்து, மாரியம்மன் படத்துக்கு முன்னால் இரண்டு நாள் கிடத்தி, திங்கட்கிழமை சிரம்பான் பதிவு அலுவலகத்துக்குப் பேருந்து ஏறுவார். உறைக்குள் மட்டும் விரல் படவிடமாட்டார். "உள்ள உள்ளது கவர்மெண்டுக்கு. மேலதான் சாமிக்கு" என்பார். மூன்று முறையும் மறுப்பு ஒரே பத்தியில் வந்தது.

அந்தப் பத்தாவது வயதில்தான், தொழிலாளர் குடியிருப்பான எங்கள் லயத்துக்கு எதிரே நெடுநாள் பூட்டிக் கிடந்த 'கிராணி' வீட்டுக்கு, அதாவது முன்பு தோட்ட எழுத்தர் இருந்த வீட்டுக்கு, ஒரு வெள்ளைக்காரர் குடிவந்தார். பெயர் பாவெல். நீலாயில் ஒரு தனியார் கல்லூரியில் கணிதம் கற்பித்தார். அங்கே வாடகை கட்டுப்படியாகாததால் தினமும் மோட்டார் சைக்கிளில் போய்வர முடிவு செய்தவர். ஐரோப்பாவின் கிழக்குப் பக்கம் அவருடைய நாடு. அதன் பெயரை இங்கே எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன்; அவருடைய தம்பி இன்னும் அங்கேதான் இருக்கிறார்.

அவர் வந்த முதல் நாள், தோட்டத்தில் வேலையாட்களை மேய்த்து ஓய்வுபெற்ற மண்டோர் தாத்தா அவரைக் கண்டதும் சைக்கிளிலிருந்து இறங்கித் தொப்பியைக் கழற்றிவிட்டார். எழுபது வயதில் கைகள் தாமாகச் செய்த வேலை அது. அடுத்த நாள் அதே வெள்ளைக்காரர் தம் உள்ளாடைகளைத் தாமே அலசிக் கொடியில் போடுவதைப் பார்த்ததும் தாத்தாவுக்குப் பெரிய சங்கடமாகிவிட்டது. "இது என்னா தொரைலா, பொட்டியத் தானே தூக்குறாரு, துணியத் தானே தொவைக்கிறாரு" என்று எங்கள் வாசலில் வந்து முறையிட்டார். ஆனாலும் கடைசிவரை 'தொரை' என்றுதான் அழைத்தார். அம்மாவுக்கு அவர் 'சார்'. மாலைகளில் அவருக்குச் சோறும் குழம்பும் கொடுத்தனுப்புவது எங்கள் வீட்டு வழக்கமாயிற்று. அம்மாவும் அவரும் பேசிக்கொண்டது மலாயில். இருவருடைய மலாயும் வேறுவேறு விதமாக உடைந்திருந்தது. என் நினைவில் அது தமிழாகவே தங்கியிருக்கிறது.

கிண்ணத்தை எடுத்துச் செல்பவள் நான். பேசாமல் நின்று பார்ப்பது அப்போதே எனக்குப் பழக்கம். அவர் சோற்றோடு வேகவைத்த உருளைக்கிழங்கையும் சேர்த்துக்கொண்டதைப் பார்த்தேன். மிளகாயை ஒதுக்கிப் பிறகு மனம் மாறிக் கடித்ததைப் பார்த்தேன். எல்லாவற்றையும்விட விநோதமாக எனக்குப் பட்டது ஒன்று. வெளியே காலடி கேட்டால் அவர் பேச்சைப் பாதியில் நிறுத்திவிடுவார். வந்தவர் யாரென்று தெரிந்த பிறகும் அந்த வாக்கியம் மறுபடி தொடங்காது. எங்கள் லயத்திலோ கதவைத் தட்டுவோர் எவரும் இல்லை. தெருவிலிருந்தே "யக்கா" என்று குரல் கொடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிடுவார்கள், உள்ளே நடக்கும் பேச்சும் அவர்களையும் சேர்த்துக்கொண்டு ஓடும்.

ஒருநாள் கேட்டேவிட்டேன். அவர் சிறிது நேரம் கிழங்கின் தோலை உரித்தார். தம் ஊரில், கைதான ஒரு மாணவனை விடுவிக்கக் கோரும் தாளில் கையெழுத்திட்டதாகவும், தம்முடன் கையெழுத்திட்ட இருவர் இப்போது சிறையில் இருப்பதாகவும் சொன்னார். "எங்கள் ஊரில் கதவு தட்டப்பட்டால் பேச்சை நிறுத்திவிடுவோம். தட்டினாலும் வாக்கியத்தை முடித்துவிட்டுத் திறக்கக்கூடிய ஓர் இடம் எனக்கு வேண்டும். அமெரிக்கா அப்படி இருக்கும் என்று நம்புகிறேன்."

"நீங்கள் அங்கே போயிருக்கிறீர்களா?"

"இல்லை."

"அங்கே போய் என்ன செய்வீர்கள்?"

"கணக்குச் சொல்லிக்கொடுப்பேன். இங்கே செய்வதுபோலத்தான்."

அப்படியென்றால் இங்கேயே இருந்துவிடலாமே என்ற என் அடுத்த கேள்விக்கும் பதில் இருந்தது. இங்கே அவருடைய இருப்பு கல்லூரி தந்த பெர்மிட்டில் தொங்கியது; கல்லூரியோ மாணவரின்றித் தள்ளாடிக்கொண்டிருந்தது. கடவுச்சீட்டு அடுத்த ஆண்டு காலாவதியாகும். ஊருக்குத் திரும்பினால் மட்டுமே புதியது தருவதாக அவருடைய தூதரகம் சொல்லிவிட்டது. திரும்பினால் என்ன ஆகும் என்பதை அவர் சொல்லவில்லை.

அமெரிக்கா ஆண்டுதோறும் குலுக்கல் முறையில் சிலருக்குக் குடியேறும் வாய்ப்பைத் தருகிறது. ஐந்து ஆண்டுகளாக எழுதிப் போட்ட அவருக்கு அந்த ஆண்டு பெயர் விழுந்திருந்தது. ரந்தாவ் இணையக் கடையில் பார்த்துவிட்டு வந்து அம்மாவிடம் சொன்னார். "தொரைக்கு நம்பர் அடிச்சிருச்சி" என்று அரை மணி நேரத்தில் லயம் முழுக்கச் செய்தி போயிற்று. மண்டோர் தாத்தா பாவெல் அங்கிளின் தேர்வு எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களைக் கேட்டு வாங்கி, லாட்டரி விற்கும் நம்பர் கடையில் எழுதினார். அவரைப் பார்த்து மற்றவர்களும் எழுதினார்கள். விழவில்லை. "அமெரிக்காவுக்கு அடிச்ச நம்பரு சிரம்பான்ல அடிக்காதுலா" என்று அவரே சமாதானமும் சொல்லிக்கொண்டார். ஆனால் அமெரிக்கா எதற்கு என்ற காரணம்தான் அவருக்கு விளங்கவே இல்லை. "வெள்ளக்காரன்கிட்டேருந்து நாம சொதந்திரம் வாங்குனோம். இந்த வெள்ளக்காரரு யாருகிட்டம்மா வாங்கப்போறாரு?" என்று அம்மாவைக் கேட்டார். அம்மா சிரிக்கவில்லை. "தாள் இல்லாதவங்களுக்கு எல்லா ஊரும் ஒன்னுதான், மண்டோரய்யா" என்றார்.

பெயர் விழுந்தால் போதாது. கோலாலம்பூரில் அமெரிக்கத் தூதரகத்தில் நேர்காணல் இருந்தது. செப்டம்பர் இறுதிக்குள் விசா கிடைக்காவிட்டால் வாய்ப்பு போய்விடும். நேர்காணல் ஒரு திங்கட்கிழமை. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை பிற்பகல் மழையில் கிராணி வீட்டுக் கூரை அவருடைய மேசைக்கு நேர்மேலாக ஒழுகத் தொடங்கியது. தாள்கள் அனைத்தையும் ஒரு பழுப்பு உறையில் போட்டு, நனையாமல் இருக்கட்டும் என்று அம்மாவிடம் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை அல்லவா? அம்மா கேட்கவும் இல்லை, யோசிக்கவும் இல்லை. உறையின் நான்கு மூலைகளிலும் மஞ்சள் வைத்து அம்மன் படத்துக்கு முன்னால் கிடத்திவிட்டு, பின்கட்டில் துணி அலசப் போனார்.

நான் அந்த உறையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். அம்மாவின் மூன்று விண்ணப்பங்களும் இதே இடத்தில் இப்படித்தான் கிடந்தன. உறையை யார் பார்க்கிறார்கள்? அதிகாரி அதைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டு உள்ளே இருப்பதைத்தானே படிக்கிறார்? தவறு எங்கே நிகழ்கிறது என்பது எனக்குத் துல்லியமாகப் புரிந்துவிட்டதாகத் தோன்றியது. உறையைத் திறந்தேன். கடவுச்சீட்டை எடுத்தேன். படமிருந்த பக்கம் வழவழவென்று இருந்ததால் மஞ்சள் நிற்கவில்லை. எதிர்ப்பக்கம் வெறும் தாள், அதில் நான்கு மூலைகளிலும் நன்றாகப் பிடித்தது. திருத்தமாக இருக்கட்டும் என்று பாவெல் அங்கிளின் படத்தில் நெற்றியில் ஒரு குங்குமப் பொட்டும் வைத்தேன்.

அம்மா திரும்பி வந்தபோது அது காய்வதற்காக விரித்தபடியே இருந்தது.

"உசுரோட இருக்கிற மனுசனுக்குப் படத்துல பொட்டு வைப்பாங்களாடி?"

முதலில் அவருடைய பார்வையில் பட்டது அதுதான். இறந்தவர்களின் படங்களுக்குத்தான் எங்கள் வீடுகளில் பொட்டு வைப்பார்கள். முந்தானையால் துடைத்தார், அது வந்துவிட்டது. அதற்குப் பிறகே எதிர்ப்பக்கத்தைப் பார்த்தார். சோப்பு நுரை சொட்டும் விரலால் ஒரு மூலையை அவசரமாகத் தேய்த்தார். தேய்த்த இடம் இரத்தச் சிவப்பாக மாறியது. சோப்பு பட்டால் மஞ்சள் சிவக்கும் என்பது தினமும் துணி துவைக்கும் அவருக்குத் தெரியாததல்ல, பதற்றத்தில் மறந்திருந்தார். எலுமிச்சையை நறுக்கி ஒரு துளி விட்டார். சிவப்பு மறுபடி மஞ்சளாயிற்று, முன்னிலும் சற்றுப் பரந்து. அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு அடி விழவில்லை. என் கையைப் பிடித்து எழுப்பி, மற்றொரு கையில் கடவுச்சீட்டோடு மழையிலேயே எதிர்வீட்டுக்கு நடந்தார்.

பாவெல் அங்கிள் அந்தப் பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"இதற்குப் பதில் வேறொன்று எனக்குத் தரமாட்டார்கள்" என்றார்.

"தெரியும் சார்" என்றார் அம்மா. "காரியம் கைகூடணும்னு வைக்கிறது. புள்ள தெரியாம உள்ள வச்சிருச்சி. நான் அங்க வந்து அந்த ஆபிசர்கிட்ட சொல்றேன்."

எந்த அலுவலகத்தின் கண்ணாடித் தடுப்புக்கு அப்பாலும் தம் பேச்சை எடுபடச் செய்யமுடியாமல் திரும்பியவர் அப்படிச் சொன்னார்.

வழி சொன்னவர் மண்டோர் தாத்தா. "மஞ்சக் கறைக்கு வெயில் போதும்லா. வெள்ள வேட்டிய எப்படிக் காயப்போடுறோம்?" சனிக்கிழமை முழுதும் மழை. ஞாயிறு காலை பத்து மணிக்கு வானம் திறந்தது. கிராணி வீட்டு முற்றத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு, அதில் கடவுச்சீட்டை விரித்து, காற்றில் புரளாமல் இருக்க இரண்டு கூழாங்கற்களை வைத்தோம். மேகம் வந்தால் கவிழ்க்கக் குடையோடு தாத்தா நின்றார். கோழிகளை விரட்டுவது என் பொறுப்பு. அம்மாவும் பாவெல் அங்கிளும் படியில் உட்கார்ந்து ஒரே தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "எத்தனையோ பேர தொரைமாருங்க தோட்டத்த விட்டுப் போகச் சொன்னத பாத்திருக்கேன்" என்றார் தாத்தா பொதுவாக. "ஒரு தொரை போறதுக்கு நாம காவல் காக்கிறது இப்பதான்." இரண்டரை மணி நேரம் வெயில் நின்றது. மஞ்சள் வெளிறி, தேநீர்க் கறைபோல ஒரு சாயல் மட்டும் மிஞ்சியது.

திங்கட்கிழமை மாலை மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் அம்மா கரண்டியோடு வாசலுக்கு வந்துவிட்டார். அதிகாரி அந்தப் பக்கத்தில் கட்டைவிரலை வைத்துத் தேய்த்து, இது என்ன என்று கேட்டாராம். நான் போய்ச் சேரவேண்டும் என்று என் அண்டைவீட்டார் வைத்தது என்று இவர் சொன்னாராம். "உங்களை அனுப்பிவைப்பதில் அவர்களுக்கு ஏன் இவ்வளவு அவசரம்?" என்று கேட்டுவிட்டு அவர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டாராம். இதைச் சொல்லும்போது பாவெல் அங்கிள் சிரித்தார். பல் தெரிய அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். விசா கிடைத்துவிட்டது.

புறப்படும் நாளில் அவர் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். அது வரை அந்தக் கதவை யாரும் தட்டியதில்லை. அம்மா அப்போது பள்ளிக் காலணியைச் சேற்றோடு கட்டிலுக்கடியில் தள்ளியதற்காக என்னைத் திட்டிக்கொண்டிருந்தார். தட்டும் ஒலி கேட்டும் நிறுத்தவில்லை, திட்டவேண்டியதைத் திட்டி முடித்துவிட்டுத்தான் திரும்பினார். வாசலில் நின்றவர் என்னைப் பார்த்து, "கேட்டாயா? இதைத்தான் சொன்னேன்" என்றார். அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை.

இப்போது அந்தத் தோட்டம் இல்லை. செம்பனைகளைச் சாய்த்து, லயத்தையும் கிராணி வீட்டையும் இடித்து, வரிசைவீடுகள் கட்டிவிட்டார்கள். நாற்காலி போட்டிருந்த முற்றம் எந்தச் சாலைக்கு அடியில் இருக்கிறது என்று என்னால் கணிக்க முடியவில்லை. மண்டோர் தாத்தா இறந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அவர் படத்துக்கு முறைப்படி பொட்டு வைத்திருக்கிறார்கள். நாங்கள் செண்டாயானில் ஒரு வாடகை வீட்டில் இருக்கிறோம். பாவெல் அங்கிள் அமெரிக்கக் குடிமகனாகிவிட்டார். தம் புதிய கடவுச்சீட்டின் அட்டையைப் படமெடுத்து அனுப்பியிருந்தார். "அவருக்கும் நீலந்தான் குடுத்திருக்காங்க" என்றார் அம்மா. கதவு தட்டப்படும்போது அங்கே அவர் வாக்கியத்தை முடிக்கிறாரா என்று கேட்க எனக்கு ஆசை, இன்னும் கேட்கவில்லை. அவர் ஒவ்வொரு புத்தாண்டுக்கும் ஒரே கேள்வியை எழுதுவார்: அம்மாவுக்கு நீலம் வந்ததா? நான் ஒவ்வோர் ஆண்டும் எழுதும் பதில்: இன்னும் இல்லை.

சென்ற வெள்ளிக்கிழமை அம்மாவின் ஆறாவது விண்ணப்பத்தை நிரப்பி முடித்தேன். பிறந்த இடம் என்ற கட்டத்தில், இல்லாமற்போன தோட்டத்தின் பெயரை எழுதினேன். அம்மா மஞ்சள் கிண்ணத்தோடு வந்தார். உறையின் மூலைகளில் வழக்கம்போல் வைத்தார். பிறகு கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினார்.

"உள்ள ஒன்னு வை."

"பாரத்துல கறை இருந்தா திருப்பிருவாங்கம்மா."

"மேல வச்சது அஞ்சும் திரும்பித்தான் வந்துச்சி. உள்ள வச்சது ஒன்னுதான், அது போய்ச் சேந்துச்சி." கிண்ணத்தை இன்னும் நகர்த்தி, "அன்னிக்கு யாரக் கேட்டு வச்ச?" என்றார்.

இலக்கியம் படிக்கும் எனக்கு அந்த வாதத்தின் ஓட்டைகள் அனைத்தும் தெரியும். கடைசித் தாளின் பின்புறத்தில், எழுத்து எதுவும் இல்லாத கீழ்மூலையில், கடுகளவு வைத்தேன். அந்த வாசனை எழுந்தது. அது காயட்டும் என்று அம்மா தாளைச் சன்னலோர வெயிலில் வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனார்.

நான் அதை எடுத்து நிழலில் வைத்தேன்.