நாலு மணிக் கதவு

கள்ளக்குறிச்சியில் பாத்திரக் கடை வைத்திருக்கிறேன். மறதி நோய் வந்த என் அத்தா அடிக்கடி பஸ் ஸ்டாண்டு வரை போய்விடுவார். அதனால் ஊருக்கு வெளியே ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்தேன். "பூட்டியே வைங்க" என்று சொன்னவன் நான்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து பார்க்கப் போனேன். அங்குள்ள விதிப்படி செல்போனை வாசல் மேசையில் வைத்தேன். அத்தாவை அறைக்குள்ளேயே இருந்த கழிவறைக்குக் கூட்டிப்போய்த் திரும்பினால், நான் உள்ளே இருப்பது தெரியாமல் அறையின் இரும்புக் கதவை வெளியிலிருந்து பூட்டிவிட்டார்கள்.

தட்டினேன், கத்தினேன். யாரும் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் அத்தாவுக்கு வியர்த்துக் கை நடுங்கியது. சர்க்கரை மாத்திரையைக் கொடுத்தவர்கள் சாப்பாடு கொடுக்கவில்லை. நல்லவேளையாக, நான் வாங்கிப்போன பேரீச்சம்பழம் பையில் இருந்தது. கொட்டையை எடுத்து ஊட்டினேன். நடுக்கம் மெல்ல அடங்கியது.

மறுபடி கதவைக் குலுக்கினேன்.

"இன்னாத்துக்குங்க தட்டிக்கினு இருக்கீங்க? நாலு மணிக்குத்தான் தொறப்பாங்க" என்றார் அத்தா. மகனென்று தெரியாமல், என்னையும் அங்கே சேர்க்கப்பட்ட ஒருவரென்று நினைத்துவிட்டார்.

நாலு மணிக்குத்தான் திறந்தார்கள். "நீங்க சொல்லித்தானங்க தெனமும் மதியம் பூட்டுறோம்" என்றார் பணியாளர். அன்றே வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன்.

இப்போது வீட்டில் பூட்டு இல்லை. வெளிக்கேட்டில் ஒரு மணி கட்டியிருக்கிறேன். திறந்தால் சத்தம் கேட்கும். ஆனால் அது இதுவரை அடிக்கவே இல்லை. மதியமானால் அத்தா கட்டிலை விட்டு இறங்குவதில்லை, நாலு மணி வரை தண்ணீர்கூடக் கேட்பதில்லை. ரெண்டு மணிக்கே கடையைச் சாத்திவிட்டுப் போய் நானே கொடுக்கிறேன்.