ஞானையாவின் சாடியில் இடம் இருக்கிறது

பாளையங்கோட்டையில் ஞானையாவின் வீட்டைக் கேட்டால், முன்சுவரில் சிவப்புக் கறை இருக்கும் வீடு என்று சொல்லி அனுப்புவார்கள். அது போன வருடக் கறை. அதற்கு முந்தைய வருடக் கறை அடுக்களைக் கூரையில் இருக்கிறது. இரண்டும் ஒரே ஊறுகாய்ச் சாடியிலிருந்து கிளம்பியவை.

ஞானையா முக்கூடல் வண்டியில் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்றவர். இடமில்லை என்ற சொல் அவர் வாயில் வந்ததே கிடையாது. படிக்கட்டில் ஆள் தொங்கினாலும் நடு வண்டியில் இடம் இருக்கிறது என்று நம்புவார். நிறைந்த வண்டியை நிறுத்தத்தில் நிறுத்தாமல் ஓட்டப் பார்ப்பவர் டிரைவர் நேசையா. விசிலை ஊதி நிறுத்தவைப்பவர் ஞானையா. இருவருக்கும் பணிக்காலம் முழுக்க நடந்த சண்டை இது ஒன்றுதான்.

திராட்சை தற்செயலாக வந்தது. ஒரு நாள் முக்கூடலில் எல்லோரும் இறங்கிய பிறகு, கடைசி இருக்கைக்கு அடியில் ஈரச் சாக்கில் சுற்றிய கொடித் துண்டு கிடந்தது. யாரும் கேட்டு வரவில்லை. காய்ந்துவிடுமே என்று வீட்டில் நட்டார். உரியவர் அடையாளம் சொன்னால் திருப்பிக் கொடுத்துவிடுவதாக இன்றும் சொல்கிறார். அதற்குள் கொடி மொட்டை மாடியை முழுதாகப் பிடித்துக்கொண்டது.

பழம் சுண்டைக்காய் அளவு. பன்னீர் திராட்சை மாதிரி கறுப்பு இல்லை, செங்கல் நிறம். தடித்த தோல், உள்ளே கொட்டைகளின் நெரிசல். வாயில் போட்டால் புளிப்பில் ஒரு கண் தானாக மூடிக்கொள்ளும். அதனால் தெருவில் அதற்கு ஒத்தக்கண்ணு என்று பெயர். முக்கூடல் ஆற்றங்கரைத் தோட்டங்களில் இந்தக் கொடி அங்கங்கே உண்டு என்று சிலர் சொன்னார்கள். சொல்லும்போதே அவர்களுக்கு ஒரு கண் சுருங்கியது.

தின்ன முடியாத பழத்தைக் கிறிஸ்துமஸ் ஒயினாகப் போட்டுவிடலாம் என்று ஞானையா முடிவு செய்தார். சர்க்கரை, பட்டை, கிராம்பு, ஒரு பிடி கோதுமை எல்லாம் சரியாகத்தான் போட்டார். ஆனால் சாடியை விளிம்பு வரை அடைத்தார். பழம் நொதித்துப் பொங்க இடம் வேண்டும் என்று மனைவி சபீதா சொன்னது அவர் காதில் ஏறவில்லை. முதல் வருடம் அடுக்களை போனது. மறு வருடம் சாடி வாசலுக்குத் துரத்தப்பட்டது, சுவர் போனது. மிஞ்சியதைக் குடித்த உறவினர்கள் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் குரோட்டன்ஸ் தொட்டியில் ஊற்றினார்கள். குரோட்டன்சும் போனது.

இந்த வருடம் ஐப்பசி மழையில் காயாத துணிகளைக் கையில் வைத்துக்கொண்டு சபீதா தீர்ப்பு சொன்னார். "கடைசியா ஒரு தடவ பாக்கேன். கிறிஸ்மசுக்கு ஒரு ஆளாவது ரெண்டாவது தம்ளர் கேக்கணும். இல்லன்னா கொடிய வெட்டிட்டு மாடியில கயிறு கட்டிருவேன்."

கேட்கக்கூடிய ஆள் யார் என்று ஞானையா யோசித்துப் பார்த்தார். உறவினர்கள் எல்லோரும் உஷாராகிவிட்டார்கள். ஒயினை இதுவரை ருசி பார்க்காதவர் நேசையா மட்டும்தான். அவர் வாழ்நாளில் எதையும் நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை.

சாடியை நிரப்பும் நாளில் நேசையா வந்து சேர்ந்தார். ஞானையா கரண்டியால் பழங்களை அமுக்கிக்கொண்டிருந்தார். வாய் தன்னை மறந்து பேசிக்கொண்டிருந்தது. "உள்ள போங்க, உள்ள போங்க. நடுவுல இடம் இருக்கு."

நேசையா சாடிக்குள் எட்டிப் பார்த்தார். "என்னவே இது, காலேஜ் வண்டியா? பாதிய எறக்கும்."

ஏறியவர்களை இறக்கிவிடுவது ஞானையாவால் ஆகாத காரியம். நேசையாவே கையை விட்டு அள்ளி ஒரு தட்டில் போட்டார். அவர் திரும்பியதும் ஞானையா இரண்டு பிடியை மறுபடி ஏற்றினார். நேசையா மறுபடி இறக்கினார். கடைசியில், பழம் வெளியே இருந்தால்தானே ஏற்றுவார் என்று நேசையா தட்டில் இருந்ததை எல்லாம் தானே தின்று தீர்த்தார். அன்று முழுவதும் அவருக்கு ஒரு கண் திறக்கவில்லை. மறுநாள் தயிர்ச்சோறுகூட நாக்கில் எரிந்தது.

சாடி வாயில் துணி கட்டப்பட்டது. ஞானையா தினமும் காய்ந்த மரக்கரண்டியால் கிளறினார். பொங்கியது, ஆனால் கழுத்தைத் தாண்டவில்லை. சுவர் தப்பியது.

கிறிஸ்துமஸ் ஆராதனை முடிந்து நேசையா புது வெள்ளைச் சட்டையில் வந்தார். சபீதா கேக் வெட்டிய கத்தியைக் கழுவாமல் கையிலேயே வைத்திருந்தார். ஞானையா வடிகட்டிய ஒயினைத் தம்ளரில் ஊற்றி நீட்டினார்.

நேசையா ஒரு மடக்கு குடித்தார். இடது கண் மூடியது. மிச்சத்தையும் குடித்தார். வலது கண்ணும் மூடியது. சபீதா மாடிப்படியைப் பார்த்தார்.

நேசையா கண்ணைத் திறக்காமலே தம்ளரை முன்னே நீட்டினார். பணிக்காலம் முழுக்கப் பின்னாலிருந்து கேட்டுக்கேட்டுச் சலித்த சொல், முதல் முறையாக அவர் வாயிலிருந்து வந்தது.

"ரைட்."

சபீதா கத்தியைக் கழுவப் போனார். துணி காயவைக்க வேறு வழி பார்க்க வேண்டும் என்று முணுமுணுத்தார்.

ஞானையா மறுபடி தம்ளரில் ஊற்றினார். விளிம்பு வந்தது. ஊற்றிக்கொண்டே இருந்தார்.

"வே, போதும். நிறுத்தும்," என்றார் நேசையா.

"இன்னும் எடம் இருக்கு வே," என்றார் ஞானையா.

இப்போது நேசையாவின் வீட்டுக் கொடியில் வெள்ளைச் சட்டை ஒன்று தொங்குகிறது. செங்கல் நிறம் போகவில்லை.