இடது சுட்டுவிரல்

ஆமையக்காவுக்குப் பல்லியைக் கண்டாலே ஆகாது. இடி இடித்தால் காதைப் பொத்திக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிடுவாள். அப்படிப்பட்டவள் எபோலாக் கிருமியை ஆராய்கிற கூடத்தில் எலி பராமரிக்கும் வேலைக்குப் போனது அவள் கணவருக்குத் தீராத வேடிக்கை. அவர் தையற்காரர். அளவு கொடுக்க வருகிறவர்களிடமெல்லாம், "என்கூடவே காலம் தள்ளுறா, அவளுக்கு எபோலா எம்மாத்திரம்?" என்பார்.

உண்மையில் அவள் பயந்தாங்கொள்ளி என்பதால்தான் அங்கே எல்லோருக்கும் அவளைப் பிடித்திருந்தது. துணிச்சல்காரர்கள் கையுறையைச் சர்ரென்று உருவிவிடுவார்கள். இவள் விரல் விரலாகக் கழற்றுவாள். அந்த நிதானத்தைக் கேலி செய்து வைத்த பேர்தான் ஆமையக்கா. எத்தனையோ வருஷமாகியும் உள்கதவு திறக்கும்போது பயம் மட்டும் விட்டபாடில்லை.

வேலை இதுதான். எலிகளுக்கு நோயைக் கொடுத்து, பாதிக் கூண்டுகளுக்குப் புது மருந்தும் மீதிக்கு வெறும் உப்புத் தண்ணீரும் ஊசி போடுவார்கள். அவள் கூண்டைச் சுத்தம் செய்து, தீனி வைத்து, செத்தவற்றை எடுத்துப் போடுவாள். எந்தக் கூண்டுக்கு எது என்று அவளிடம் சொல்லமாட்டார்கள். தெரிந்தால் ஒன்றைக் கூடுதலாகக் கவனித்துவிடுவாளாம்.

அங்கே யாரும் தனியாக உள்ளே போகக்கூடாது. அவளோடு எப்போதும் போகிற பெண்ணை எல்லோரும் சோடி என்றே கூப்பிட்டார்கள். உடுப்பு மாட்டுவதற்கு முன் ஒருவர் கையை மற்றவரிடம் காட்டவேண்டும், கீறல் இருந்தால் அன்றைக்கு உள்ளே வேலை இல்லை. அன்று காலை சோடி தன் மாமியார் புது செல்போனை ஊறுகாய் ஜாடிக்குள் பத்திரப்படுத்திய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கைகள் நீண்டன, திரும்பின. தினமும் பார்க்கிற கையை யார்தான் உற்றுப் பார்க்கிறார்கள்!

உள்ளே ஓர் எலி அவள் பிடியில் திமிறியது. கடித்ததா, உதறியதா, தெரியவில்லை. வேலை முடிந்து வெளியே வந்ததும் வழக்கம்போல் இரண்டடுக்குக் கையுறைகளிலும் தண்ணீர் நிரப்பி, ஓட்டை இருக்கிறதா என்று முறுக்கிப் பார்த்தார்கள். மேல் கையுறையின் இடது சுட்டுவிரலில் ஒரு சொட்டு கோத்துக்கொண்டு நின்றது. உள் கையுறையிலும் அதே இடத்தில் இன்னொரு சொட்டு.

சோடி ஓடிப்போய் ஸ்பிரிட்டை எடுத்து வந்து அந்த விரலில் ஊற்றினாள். காயமிருந்தால் எரியும்.

"எரியுதாக்கா?"

"தெரியலடி. உடம்பெல்லாம் எரியுது."

லென்ஸ் வைத்துப் பார்த்தபோது விரல் நுனியில் சிவப்பாக ஒரு புள்ளி தெரிந்தது. அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. காலையில் பையனின் சட்டைக்குப் பட்டன் தைக்கும்போது ஊசி குத்தியிருந்தது. விரலை வாயில் வைத்துச் சப்பிவிட்டு மறந்துபோனாள். இடது கைதான். ஆனால் எந்த விரல்? எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை.

அவளைக் கண்ணாடிச் சுவர் வைத்த தனியறையில் வைத்தார்கள். ஆராய்ச்சிக்குத் தலைமை வகித்த பெரிய டாக்டரம்மா ஒளிவுமறைவில்லாமல் பேசினார்.

"இது காலையில தையல் ஊசி குத்தின காயமா இருந்தா இந்நேரம் மூடியிருக்கும், கொஞ்சம் பொறுத்துப் பாக்கலாம். எலிப் பல்லா இருந்தா பொறுக்கவே கூடாது. நம்ம மருந்து இருக்கு. காய்ச்சல் வர்றதுக்கு முன்னாடி போட்டாத்தான் எலிங்களே பிழைக்குது. ஆனா மனுஷங்களுக்கு இதுவரை போட்டதில்ல. மருந்தே ஆபத்தாவும் முடியலாம். முடிவு உங்களோடதுதான்."

ஆமையக்கா தன் கைகளைப் பார்த்தாள். செத்த எலிகளை அள்ளிய கை அவளுடையது. அவற்றில் மருந்து ஏறியது எத்தனை, ஏறாதது எத்தனை என்று இப்போது கேட்கவும் பயமாக இருந்தது.

டாக்டரம்மாவிடம் விவரமெல்லாம் கேட்டுக்கொண்டு கணவர் வந்து கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தார். கழுத்தில் அளவு நாடா அப்படியே தொங்கியது. சுவரின் இரண்டு பக்கமும் போன் இருந்தது. எடுத்துப் பேசினார்.

"சாப்டியா?"

"ம். பையன்?"

"எதிர்வீட்ல விட்டிருக்கேன்."

"ஏங்க, காலையில பட்டன் தைக்கிறப்போ ஊசி குத்திடுச்சு. எந்த விரல்னு ஞாபகம் வரமாட்டேங்குது."

"இடது சுட்டுவிரல்," என்றார் அவர், கேட்ட மாத்திரத்தில். "நான்தான் பக்கத்துலயே நின்னேனே. ரத்தம்கூட வந்துச்சு. டாக்டர்கிட்ட சொல்லு. கண்ட மருந்தெல்லாம் வேணாம்."

ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருந்த டாக்டரம்மா நிம்மதிப் பெருமூச்சு விட்டார். ஆமையக்கா கணவரின் முகத்தையே பார்த்தாள். அவள் பட்டன் தைத்தபோது அவர் வீட்டிலேயே இல்லை. பால் வாங்கப் போயிருந்தார். திரும்பி வந்தபோது பையன் சட்டையைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிவிட்டான். அவர் பொய் சொன்னால் பாதியிலேயே சிரித்துவிடுவார், அது ஊருக்கே தெரியும். இன்று சிரிக்கவில்லை. ஒரு கையால் அளவு நாடாவை முறுக்கிக்கொண்டே இருந்தார். இத்தனை காலம் தனக்கும் சேர்த்து அவர் பயப்படாமல் இருக்கிறார் என்று நம்பித்தான் அவள் அந்தக் கதவுக்குள் போய்வந்தாள்.

"டாக்டர், அவர் பாக்கல," என்றாள். "வீட்லயே இல்ல. எந்த விரல்னு யாருக்கும் தெரியாது. நீங்க மருந்தப் போடுங்க."

"வேணாம்மா!" அவர் எழுந்து கண்ணாடியில் கையை வைத்தார். "உனக்கு எதுனா ஆயிட்டா நான் என்ன பண்ணுவேன்? எனக்குப் பயமா இருக்கும்மா."

முழு உடுப்பில் வந்த நர்ஸ் ஊசியோடு கட்டிலருகே நின்றாள். ஆமையக்கா இடது கையை நீட்டினாள். வலது கை போனை இறுகப் பிடித்திருந்தது.

"எனக்குந்தாங்க," என்றாள். "போனை மட்டும் வச்சிராதீங்க."