புகைப்புரைப் படம்

நண்பன் அமைக்கும் திகிலூட்டும் இருண்ட இசைக்குப் பின்னணிக் காட்சிகள் செய்து தருவது நான்தான். மாதிரிக்கு என்று அவன் அனுப்பியதெல்லாம் பனிக்காடும் பாழடைந்த கோட்டையும். குழித்துறை வெயிலில் வியர்த்து வழிய அவற்றைப் பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. நம்ம ஊரையே காட்டினால் என்ன என்று அவனிடம் கேட்டேன்.

"நம்ம ஊர்ல என்ன இருக்கு மக்கா?" என்றான்.

அன்றே போய், ரப்பர் ஷீட்டுகளைப் புகை போட்டுக் காயவைக்கும் ஒரு புகைப்புரைக்குள் நுழைந்து படம் எடுத்தேன். கரி அப்பிய சுவர்களுக்கு நடுவே, உரித்த தோல்களைப் போல ஷீட்டுகள் வரிசையாகத் தொங்கின. எந்த இடம் என்று சொல்லாமல் அனுப்பினேன்.

உடனே போனில் கூப்பிட்டான். "இதுதாம்லே நான் கேட்டது. எந்த நாடு?"

"உனக்க அப்பனுக்க புகைப்புரையாக்கும்லே. ஒரு நாளாவது உள்ள போயிருக்கியா?"